துல்லியத்தின் விலை

கல்லூரியில் பொருளியல் கற்பித்த காலத்தில் ஒன்பது ஆண்டுகள் கொள்முதல் குழுவிலும் உறுப்பினராக இருந்தேன். ஓராண்டு இயற்பியல் ஆய்வகத்துக்குத் திருகு அளவிகள் வாங்க வேண்டியிருந்தது. மெல்லிய கம்பியின் விட்டத்தை அளக்கும் அந்தச் சிறு கருவியைப் பள்ளியில் கையாண்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மூன்று விலைப்புள்ளிகள் வந்தன. இரண்டாவது நிறுவனத்தின் கருவி விலை சற்றுக் கூடுதல் என்றாலும், அதில் மரை செம்மையாக வெட்டப்பட்டிருக்கிறது என்று இயற்பியல் துறைத் தலைவர் வாதாடினார். தணிக்கையில் யார் பதில் சொல்வது என்று கேட்டு, மிகக் குறைந்த விலைப்புள்ளியையே ஏற்கச் செய்தவன் நான்.

இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரே கம்பிக்கு ஐந்து கருவிகள் ஐந்து விடைகளைத் தந்தன. தேர்வுக் காலங்களில் எந்தக் கருவியைத் தொடக் கூடாது என்பதை மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் மிச்சப்படுத்திய தொகை எவ்வளவு என்பது கல்லூரிக் கோப்பில் இருக்கிறது. அந்த மாணவர்கள் இழந்தது எந்தக் கோப்பிலும் இல்லை.

ஓய்வு பெற்ற பின் ஜோசப் விட்வொர்த்தின் வாழ்க்கையைப் படித்தபோது அந்தக் கோப்பு மீண்டும் நினைவுக்கு வந்தது. நான் வளர்ந்த கோவையில் அவருடைய பெயர் எங்களுக்குப் புதிதன்று. லேத் பட்டறைகளில் அரை அங்குல விட்வொர்த், கால் அங்குல விட்வொர்த் என்று மூத்த தொழிலாளர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது ஒரு மனிதரின் பெயர் என்பதை அறியாமலேயே பல ஆண்டுகள் கழிந்தன. போல்ட்டுக்கும் நட்டுக்கும் பொது மரை வகுத்த அவர்தான், தம் காலத்தில் மிகத் துல்லியமான நெடுந்தொலைவுத் துப்பாக்கியையும் செய்தார். முன்னது உலகெங்கும் பரவியது. பின்னதை அவருடைய அரசே விலை கூடுதல் என்று ஒதுக்கியது. இரண்டும் ஒரே மூளையில் உருவானவை. பொருளியல் படித்தவனுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

விட்வொர்த் 1803 டிசம்பர் 21 அன்று இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் நகரில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். பின்னாளில் சமயப் பணிக்குச் சென்றவர். சிறு வயதிலேயே தாயை இழந்த ஜோசப்பின் படிப்பு 14 வயதோடு முடிந்தது. டெர்பிஷயரில் மாமா ஒருவரின் பஞ்சாலையில் அவரைச் சேர்த்துவிட்டார்கள். காலப்போக்கில் அவரும் ஆலை முதலாளிகளில் ஒருவராவார் என்பது குடும்பத்தின் எண்ணம். அவருக்கோ நூலைவிட, நூலை நூற்ற இயந்திரமே பெரிதாகத் தெரிந்தது. சில ஆண்டுகளில் ஆலையை விட்டு வெளியேறி, மான்செஸ்டர் பட்டறைகளில் சாதாரண மெக்கானிக்காக வேலை செய்தார். 1825-இல் ஃபேன்னி ஆங்கர்ஸ் என்ற படகோட்டியின் மகளை மணந்துகொண்டு லண்டனுக்குப் புறப்பட்டார்.

லண்டனில் ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறை அன்றைய இயந்திரத் தொழிலின் பல்கலைக்கழகம் எனத் தக்கது. அங்கு வேலை பார்த்துக்கொண்டே, எஞ்சிய நேரத்தில் விட்வொர்த் ஒரு கேள்விக்கு விடை தேடினார். முற்றிலும் சமமான ஓர் இரும்புத் தளத்தை எப்படி உருவாக்குவது? சமமான தளம் இல்லாமல் நேரான கடைசல் இயந்திரம் இல்லை; நேரான இயந்திரம் இல்லாமல் நேரான பாகம் எதுவும் இல்லை. ஆனால் முதல் சமதளத்தைச் சரிபார்க்க ஒப்பிடுவதற்கு வேறொரு சமதளம் ஏது?

அவர் கண்ட விடைக்குப் பெரும் செலவு தேவைப்படவில்லை. மூன்று இரும்புத் தட்டுகள், சிறிது வண்ணப்பூச்சு, ஒரு சுரண்டும் உளி, அளவற்ற பொறுமை. இவ்வளவுதான் முதலீடு. ஒரு தட்டில் வண்ணம் பூசி மற்றொன்றின்மேல் வைத்து அசைத்தால், மேடான இடங்களில் மட்டும் வண்ணம் ஒட்டும். அந்த மேடுகளைச் சுரண்டி எடுக்க வேண்டும். இரண்டு தட்டுகளை மட்டும் இப்படிச் செய்தால் ஏமாற்றம் நேரலாம். ஒன்று குழிந்தும் மற்றொன்று அதே அளவு புடைத்தும் இருந்தால் இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும். இரண்டுமே தவறாக இருக்கும். மூன்றாவது தட்டு வந்துவிட்டால் இந்தக் கூட்டுப்பொய் நிலைக்காது. மூன்றில் எந்த இரண்டை எடுத்தாலும் பொருந்துகின்றன என்றால், மூன்றும் சமதளமாக இருந்தாலன்றி அது இயலாது. இம்முறையை 1840-இல் கிளாஸ்கோவில் பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டத்தில் விட்வொர்த் விளக்கினார். கைப்பொருள் குறைந்த தொழிலாளி ஒருவர் அடையக்கூடிய துல்லியம் இது.

மாட்ஸ்லேக்குப் பின் ஜோசப் கிளெமென்ட்டின் பட்டறையில் சேர்ந்தார். கணினியின் முன்னோடி எனப் போற்றப்படும் சார்லஸ் பாபேஜின் வேறுபாட்டுப் பொறிக்கான பாகங்கள் அங்குதான் உருவாயின. அரசின் பணம் 17,000 பவுண்டுக்கு மேல் செலவாகியும் அந்தப் பொறி முழுமை பெறவில்லை. ஆயிரக்கணக்கான பாகங்களை ஒரே அளவில் செய்வது எத்தனை கடினம் என்பதை விட்வொர்த் அருகிலிருந்து கண்டார். 1833-இல் மான்செஸ்டருக்குத் திரும்பி, சோர்ல்டன் தெருவில் சொந்தப் பட்டறை தொடங்கினார்.

அன்று ஒவ்வொரு பட்டறைக்கும் ஒவ்வொரு மரை. ஓர் இயந்திரத்தின் போல்ட் உடைந்தால், அதைச் செய்த பட்டறைக்கே ஆள் அனுப்ப வேண்டும். விட்வொர்த் நாட்டின் முதன்மையான பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைத் திரட்டி, அவற்றின் அளவுகளை ஒப்பிட்டுச் சராசரியைக் கண்டார். மரையின் கோணம் 55 பாகை. ஒவ்வொரு விட்டத்துக்கும் அங்குலத்துக்கு இத்தனை மரை என்ற நிலையான எண். அரை அங்குல போல்ட்டுக்கு 12 மரை. இந்தத் திட்டத்தை 1841-இல் கட்டுமானப் பொறியாளர் கழகத்தில் முன்வைத்தார். தம் பட்டறையின் மரையே சிறந்தது என்று அவர் சாதிக்கவில்லை. எல்லோரும் சிறிது விட்டுக்கொடுத்தால் எல்லோரும் பயன்பெறலாம் என்பதே அதன் உட்பொருள். ரயில் நிறுவனங்கள் ஏற்றன. பிற தொழில்கள் பின்தொடர்ந்தன. பிரிட்டிஷ் இயந்திரங்களோடு அந்த மரை இந்திய ரயில்வே பட்டறைகளுக்கும் ஆலைகளுக்கும் வந்து சேர்ந்தது.

இதன் வலிமை கிரிமியப் போரில் தெரிந்தது. சிறு போர்க் கப்பல்களுக்கு அவசரமாக 90 நீராவிப் பொறிகள் தேவைப்பட்டன. ஜான் பென் என்ற பொறியாளர் மாதிரிப் பொறியின் பாகங்களைப் பிரித்து, நாட்டின் பல பட்டறைகளுக்கு அனுப்பினார். எங்கெங்கோ செய்யப்பட்ட பாகங்கள் ஒன்றுகூடிப் பொருந்தி, 90 நாள்களில் பொறிகள் தயாராயின. பொது மரை என்ற உடன்பாடு இல்லாமல் இது நடந்திருக்காது.

1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் விட்வொர்த்தின் இயந்திரக் கருவிகளுக்கே தனிச் சிறப்பிடம் கிடைத்தது. அங்குலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கை உணரும் அளவைப் பொறியையும் அவர் உருவாக்கினார். கண்ணால் காண இயலாத அந்த வேறுபாட்டைத் தொடு உணர்வால் அறியலாம் என்பது அவர் கொள்கை. இரு சமதள முகங்களுக்கிடையே பிடிபட்டு நிற்கும் மெல்லிய எஃகுத் துண்டு, இடைவெளி அந்த நுண்ணளவு கூடினாலே நழுவி விழும். முகத்தை நகர்த்துவது செம்மையாக வெட்டப்பட்ட திருகும், கோடுகள் பொறித்த சக்கரமும். எங்கள் கல்லூரித் திருகு அளவியின் தத்துவமும் இதுவே.

1853-இல் அரசின் சார்பில் அமெரிக்கா சென்றார். ஸ்ப்ரிங்ஃபீல்டு ஆயுதச் சாலையில் துப்பாக்கியின் மரக்கட்டையை இயந்திரங்கள் 22 நிமிடங்களில் செய்து முடிப்பதைக் கண்டு அறிக்கையில் பதிவு செய்தார். பேரளவு உற்பத்தி என்னவெல்லாம் செய்யும் என்பதை அவர் அறியாதவரல்லர்.

அடுத்த ஆண்டு கிரிமியப் போரில் பிரிட்டன் இறங்கியது. என்ஃபீல்டு துப்பாக்கியைப் பெருமளவில் செய்வதற்கான இயந்திரங்களை வடிவமைத்துத் தருமாறு ஆயுதத் துறை விட்வொர்த்தை நாடியது. அவரோ, சரியான குழல் எது என்று தெரியாமல் அதைச் செய்யும் இயந்திரத்தை வடிவமைப்பது எவ்வாறு என்று திருப்பிக் கேட்டார். அன்று துப்பாக்கி செய்வது பரம்பரைக் கைத்திறன். ஒரே கைகள் செய்த துப்பாக்கிகளில் ஒன்று நேராகச் சுடும், மற்றொன்று சுடாது. காரணம் சொல்ல யாராலும் இயலவில்லை. அரசு இணங்கியது. மான்செஸ்டர் அருகே அவருடைய இல்லத் தோட்டத்தில் 500 கஜ நீளமுள்ள மூடிய சுடுகளம் எழுந்தது. காற்றின் குறுக்கீடு சோதனையைக் கெடுக்கக் கூடாது என்பதற்காக அந்தக் கூரை. எழுந்த சிறிது காலத்திலேயே புயலில் சரிந்து, மீண்டும் கட்டப்பட்டு, 1855-இல் சோதனைகள் தொடங்கின.

குழலுக்குள் திருகுபோல் வெட்டப்பட்ட வரிகள் குண்டைச் சுழற்றிவிடுகின்றன. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பது போலச் சுழலும் குண்டு தலைகுப்புறாமல் பறக்கிறது. அதே எடையுள்ள குண்டை ஒல்லியாகவும் நீளமாகவும் செய்தால் காற்றின் தடை குறையும். ஆனால் நீளமான குண்டு நிலைத்துப் பறக்க இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். எவ்வளவு நீளம், எவ்வளவு சுழற்சி? சுடுகளத்தில் இடைவெளி விட்டு மெல்லிய காகிதத் திரைகளைத் தொங்கவிட்டு, குண்டு துளைத்த இடங்களைக் குறித்து, பறந்த பாதையை வரைந்தார். அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற அளவு வரையில்கூடச் சுழற்சியைக் கூட்டிப் பார்த்தார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்துப் பார்க்கும் முறை அது. பொருளியலில் நாங்கள் ஏட்டில் மட்டும் செய்வதை அவர் இரும்பிலும் ஈயத்திலும் செய்தார்.

முடிவில் கிடைத்த துப்பாக்கி இப்படி இருந்தது. என்ஃபீல்டின் குழல் விட்டம் 0.577 அங்குலம்; இவருடையது 0.451. என்ஃபீல்டில் குண்டு 78 அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுழன்றது. இவருடையதில் 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குழலின் உட்புறம் வட்டமாக இல்லாமல் அறுகோணமாக முறுகிச் செல்லும். அதற்கேற்பக் குண்டும் அறுகோணம். குண்டின் எடை மட்டும் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே.

1857 ஏப்ரலில் ஹைத் என்ற இடத்தில் இரண்டையும் ஒப்பிட்டுச் சோதித்தார்கள். 500 கஜத் தொலைவில் என்ஃபீல்டின் சராசரி விலகல் 2.24 அடி, விட்வொர்த்தினுடையது 0.37 அடி. 800 கஜத்தில் 4.11 அடிக்கு எதிராக ஓர் அடி. 1,400 கஜத்தில் என்ஃபீல்டுக்குக் கணக்கிடத்தக்க முடிவே கிடைக்கவில்லை, விட்வொர்த் 4.62 அடி விலகலோடு தொடர்ந்தது. அதற்கு அடுத்த மாதம் மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அந்தக் கொந்தளிப்பைத் தூண்டிய தோட்டா இதே என்ஃபீல்டுக்குரியது.

இவ்வளவுக்குப் பிறகும் ராணுவம் விட்வொர்த் துப்பாக்கியை ஏற்கவில்லை. குழல் மிகச் சிறியது, வெடிமருந்துக் கரி விரைவில் படிந்து அடைத்துக்கொள்கிறது என்பது ஒரு காரணம். என்ஃபீல்டைப் போல் நான்கு மடங்கு விலை என்பது மற்றொன்று. அந்தக் குழுவினரை அறிவிலிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லட்சக்கணக்கில் துப்பாக்கி வாங்கும் அரசுக்கு நான்கு மடங்கு என்பது சிறு வேறுபாடன்று. புகையும் சேறும் நிறைந்த களத்தில், 1,400 கஜத்துக்கு அப்பால் குறிபார்க்கும் பயிற்சி எத்தனை சிப்பாய்க்கு இருந்தது? இருக்கிற பணத்துக்குள் போதுமான துல்லியம் என்பதே அவர்களுடைய கணக்கு. அது நியாயமான கணக்குத்தான்.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு குறை இருந்தது. அன்றைய விலையை அவர்கள் நிலையான விலை என்று எடுத்துக்கொண்டார்கள். சிறு எண்ணிக்கையில், தனிக் கவனத்தோடு செய்யப்பட்ட ஒரு பொருளின் விலை அது. அதைப் பேரளவில் செய்தால் என்ன ஆகும், அறுகோணத்தை விட்டுவிட்டுச் சிறிய குழலையும் விரைந்த சுழற்சியையும் மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கலாம். விட்வொர்த்திடமும் குறை உண்டு. மரையில் எல்லோருடைய அளவுகளையும் திரட்டிச் சராசரி கண்டவர், துப்பாக்கியில் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. மரையில் தேடியது உடன்பாடு. துப்பாக்கியில் தேடியது வெற்றி. 1871-இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் விட்டம் 0.45 அங்குலம். மிகச் சிறியது என்று ஒதுக்கிய அளவுக்கே பன்னிரண்டு ஆண்டுகளில் வந்து சேர்ந்தார்கள்.

இடைப்பட்ட காலத்தில் அந்தத் துப்பாக்கிக்குப் புகழ் குறையவில்லை. 1860 ஜூலை 2 அன்று விம்பிள்டனில் தேசிய ரைஃபிள் சங்கத்தின் முதல் போட்டியைத் தொடங்கிவைத்த விக்டோரியா அரசி, தாங்கியில் பொருத்திய விட்வொர்த் துப்பாக்கியால் 400 கஜத்துக்கு அப்பால் சுட்டார். குண்டு இலக்கின் மையத்திலிருந்து ஒன்றேகால் அங்குலத்தில் பதிந்தது. இன்னொரு காட்சி இவ்வளவு இனியதன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படை இதைத் தேர்ந்த குறிவீரர்களுக்கு மட்டும் வழங்கியது. 1864 மே 9 அன்று ஸ்பாட்சில்வேனியாவில் வடபடையின் தளபதி ஜான் செட்ஜ்விக் தொலைவிலிருந்து சுட்டுக் கொல்லப்பட்டார். அது விட்வொர்த் துப்பாக்கியே என்று பரவலாக நம்பப்படுகிறது. துல்லியத்தைப் போற்றும்போது, அது யாரை நோக்கித் திரும்புகிறது என்பதையும் மறக்கலாகாது. அளக்கும் கருவிக்கும் கொல்லும் கருவிக்கும் ஒரே திருகுதான்.

விட்வொர்த் செய்தவற்றுள் நான் மிகவும் மதிப்பது இரும்பால் ஆனதன்று. 1868-இல் இளம் தொழிலாளர்களுக்கும் மாணவர்களுக்கும் ஆண்டுக்கு 100 பவுண்ட் வீதம் 30 உதவித்தொகைகளை நிறுவினார். அதாவது ஆண்டுக்கு 3,000 பவுண்ட். தேர்வில் கணிதமும் இயந்திரவியலும் மட்டும் போதா. அரம், உளி, கடைசல் ஆகியவற்றைக் கையாளும் திறனும் சோதிக்கப்பட்டது. ஏட்டறிவும் கையறிவும் ஒருவரிடமே இருக்க வேண்டும் என்று 14 வயதில் பள்ளியை விட்டவர் விரும்பினார். துல்லியம் அரிய பொருளாக இருப்பதற்கு உண்மையான காரணம் இரும்பின் விலையன்று. பழகிய கைகளின் பற்றாக்குறை என்பதை அவர் உணர்ந்திருந்தார். அந்த உதவித்தொகை இன்றும் வழங்கப்படுகிறது. 1869-இல் பாரனெட் பட்டம் பெற்ற அவர், 1887 ஜனவரி 22 அன்று மான்டி கார்லோவில் காலமானார். பிள்ளைகள் இல்லை. செல்வத்தின் பெரும்பகுதி மான்செஸ்டரின் கல்விக்கும் கலைக்கும் மருத்துவத்துக்கும் சென்றது.

இந்த வாழ்க்கையிலிருந்து நான் தாமதமாகக் கற்றது ஒன்று உண்டு. துல்லியம் தனியாக நிற்கும்வரை விலை உயர்ந்தது; பொதுவாகிவிட்டால் மலிவானது. இன்று பெட்டிக்கடை அளவுள்ள இரும்புக் கடையில் எந்த போல்ட்டுக்கும் எந்த நட்டும் பொருந்துவதற்கு நாம் தனியாக ஒரு காசும் கொடுப்பதில்லை. அதற்கான விலையை யாரோ முன்பே கொடுத்துவிட்டார்கள். ஆகவே, துல்லியத்தை வாங்க நமக்கு வசதி உண்டா என்ற கேள்வி மட்டும் போதாது. அதன் முதல் செலவை யார் ஏற்பது என்றும் கேட்க வேண்டும். தனி வணிகர் ஏற்க இயலாத இடத்தில் அரசும் கல்வி நிறுவனங்களும் ஏற்றுத்தான் ஆக வேண்டும்.

எப்போதும் விலை உயர்ந்ததையே வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. அது ஊழலுக்குக் கதவு திறப்பதாகிவிடும். கொள்முதல் குழுவின் ஒப்பீட்டுப் பட்டியலில் இன்னும் ஒரு கட்டம் வேண்டும் என்கிறேன். இந்தப் பொருள் தவறினால் யாருக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு, என்ன நட்டம் என்பதை அதில் எழுத வேண்டும். மருத்துவமனையின் அளவைக் கருவிக்கும், பாலத்தின் போல்ட்டுக்கும், பள்ளி ஆய்வகத்தின் திருகு அளவிக்கும் அந்தக் கட்டத்தில் வெவ்வேறு விடைகள் வரும். சில நேரங்களில் மலிவானதே போதும் என்றும் விடை வரலாம். அப்போதும் கேட்டுவிட்டு வாங்கியதாக இருக்கும்.

அன்று இயற்பியல் துறைத் தலைவர் என்னிடம் எதிர்பார்த்தது அந்த ஒரு கேள்வியைத்தான். விலைகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்த நான், அதைக் கேட்காமலே கையொப்பமிட்டேன்.